கந்தகம் போக வேண்டும், ஆக்டேன் நிற்க வேண்டும்: பிஎஸ்-6 பெட்ரோல், ஒரு நிகழ்வு ஆய்வு

2020 ஏப்ரல் 1ஆம் தேதி. ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. சாலையில் வண்டிகள் இல்லை; பெட்ரோல் பங்க்குகள் திறந்திருந்தும் வாங்க ஆளில்லை. அன்றிலிருந்து இந்தியாவில் எந்த ஊரில் பெட்ரோல் போட்டாலும் அதில் கந்தகம் 10 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி, பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ்-6) என்ற வாகனப் புகை, எரிபொருள் தரத்தின் பகுதியாக நடைமுறைக்கு வந்தது. பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதற்கு முந்தைய நாள்வரை வரம்பு 50. நோய்த்தொற்றுச் செய்திகளுக்கு நடுவே இதைக் கவனித்தவர்கள் குறைவு.

அந்த 50ஐ 10 ஆக்கும் வேலையில், ஒரு சுத்திகரிப்பு ஆலையின் செயல்முறைப் பொறியாளராக நானும் இருந்தேன். அந்த அனுபவத்தை வைத்து நான் சொல்ல வருவது ஒன்றுதான். பெட்ரோலிலிருந்து கந்தகத்தை எடுக்க எழுபது எண்பது ஆண்டுகளாகவே வழி தெரியும். அதை எடுக்கும்போது பக்கத்தில் இருக்கும் நல்லதைத் தொடாமல் விடுவதுதான் கடினம். அந்தக் கடினத்தைத் தீர்த்ததில் வினையூக்கிக்கு எவ்வளவு பங்கு உண்டோ, எதை முதலில் பிரிப்பது, எதைப் பிறகு சுத்தம் செய்வது என்ற வரிசைக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

விதி வந்த வழி

நம் பெட்ரோல் படிப்படியாகத்தான் சுத்தமானது. 1995இல் நான்கு பெருநகரங்களில் ஈயம் கலக்காத பெட்ரோல் கிடைக்கத் தொடங்கியது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் நின்றது. 2010இல் 13 நகரங்களுக்கு பிஎஸ்-4, மற்ற இடங்களுக்கு பிஎஸ்-3 என்று இரண்டு தரங்கள் ஓடின. முன்னதில் கந்தக வரம்பு 50, பின்னதில் 150. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் 50 ஆனது.

அரசு அமைத்த வல்லுநர் குழு, பிஎஸ்-5 தரத்தை 2020இலும் பிஎஸ்-6 தரத்தை 2024இலும் கொண்டுவரலாம் என்று 2014இல் பரிந்துரைத்தது. 2016 ஜனவரியில் அரசு பிஎஸ்-5ஐ விட்டுவிட்டு நேரே பிஎஸ்-6க்குப் போவதாக அறிவித்தது. இதில் பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. எரிபொருளைப் பொறுத்தவரை ஐந்துக்கும் ஆறுக்கும் கந்தக வரம்பு ஒன்றே, 10 பிபிஎம். ஆக ஒரு படியைத் தாண்டியது வாகனத் தொழில்தான். எங்களுக்கு வந்த நெருக்கடி வேறு. ஐரோப்பா 2000இல் 150, 2005இல் 50, 2009இல் 10 என்று நிறுத்தி நிதானமாக இறங்கியது. இந்திய ஆலைகள் 2017இல் நாடு முழுவதற்கும் 50ஐக் கொடுத்துவிட்டு, மூன்றே ஆண்டில் 10ஐக் கொடுக்க வேண்டியிருந்தது. 2017 நவம்பரில் டெல்லியைப் புகைமூட்டம் மூடியபின், அந்த நகருக்கு மட்டும் கெடு 2018 ஏப்ரல் 1 என்று இரண்டு ஆண்டு முன்னால் வந்தது. நாடு முழுவதும் ஆலைகளை மேம்படுத்த ஆன செலவு ஏறத்தாழ 35,000 கோடி ரூபாய்.

இத்தனை செலவு எதற்காக என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவது வழக்கம். இந்தியாவின் அப்போதைய பெட்ரோல் நுகர்வு ஆண்டுக்கு ஏறக்குறைய 3 கோடி டன். 50க்கும் 10க்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஒரு டன்னுக்கு 40 கிராம் கந்தகம். ஆக மொத்தம் ஆண்டுக்கு 1,200 டன். ஒரு நாட்டின் கணக்கில் இது சிறு தொகைதான். ஆனால் அந்த 40 கிராம் போய்ச் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். காரின் புகைக்குழாய்க்குள் தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி இருக்கிறது. அதன் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத எரிபொருள், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் அதுதான் முறிக்கிறது. கந்தகம் அந்த உலோகப் பரப்பில் ஒட்டிக்கொண்டு இடத்தை அடைத்துவிடும். வண்டி ஓடும், ஆனால் பின்னால் வரும் புகை சுத்தமாகாது. பிஎஸ்-6 வண்டிக்கு பிஎஸ்-6 பெட்ரோல் வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

கந்தகம் எங்கிருந்து வருகிறது

பங்க்கில் நாம் வாங்கும் பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. ஆலையின் ஐந்தாறு யூனிட்டுகளிலிருந்து வரும் திரவங்களைக் கலந்த கலவை அது. அவற்றில் பெரும்பங்கு, பல ஆலைகளில் மூன்றில் ஒன்று அல்லது அதற்கும் மேல், எஃப்சிசி என்று நாங்கள் சொல்லும் வினையூக்கிப் பிளப்பு யூனிட்டிலிருந்து வருகிறது. கலவையிலுள்ள கந்தகத்தில் பத்தில் ஒன்பது பங்கு இந்த ஒரு திரவத்தில்தான் இருக்கிறது.

எஃப்சிசியின் வேலை, கனமான எண்ணெய் மூலக்கூறுகளை உடைத்துப் பெட்ரோல் ஆக்குவது. பிரெஞ்சுப் பொறியாளர் யூஜீன் ஹூட்ரி வினையூக்கியைக் கொண்டு இதைச் செய்யலாம் என்று காட்டி, 1937இல் அமெரிக்காவின் மார்கஸ் ஹுக்கில் பெரிய யூனிட் ஓடத் தொடங்கியது. வினையூக்கியைத் தூளாக்கி ஓடவிடும் இன்றைய முறையின் முதல் யூனிட் 1942 மே மாதம் லூசியானாவின் பாட்டன் ரூஜில் இயங்கியது. அந்தத் தூளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் கோலமாவு போல இருக்கும். ஒவ்வொரு துகளும் சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் பதினான்கில் ஒரு பங்கு. அடியிலிருந்து காற்றையோ நீராவியையோ ஊதினால் தண்ணீரைப் போலவே வழிந்து ஓடும். ஏறக்குறைய 700 டிகிரி சூட்டில் வரும் தூளின்மேல் எண்ணெயைத் தெளித்தால், இரண்டு மூன்று விநாடியில் உடைந்துவிடுகிறது.

உடைக்கும்போது இரண்டு விளைவுகள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று, எண்ணெயிலிருந்த கந்தகத்தில் ஒரு பகுதி தயோபீன் போன்ற வளையச் சேர்மங்களாகப் பெட்ரோலுக்குள் வந்துவிடுகிறது. இன்னொன்று, ஒலிஃபின்கள் உருவாகின்றன. ஒலிஃபின் என்பது கார்பன்களுக்கிடையே ஓர் இரட்டைப் பிணைப்பு உள்ள மூலக்கூறு. எஃப்சிசி பெட்ரோலில் எடைக்கு நூற்றுக்கு 25 முதல் 40 பங்கு இவைதான். அதன் ஆக்டேன் எண்ணை, அதாவது என்ஜினில் தட்டாமல் எரியும் திறனைக் காட்டும் எண்ணை, தூக்கி நிறுத்துவதில் இவற்றுக்குப் பெரும் பங்கு.

சிக்கலின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. கந்தகத்தை எடுக்க, கோபால்ட்டும் மாலிப்டினமும் சேர்ந்த வினையூக்கியின்மேல் சூடான பெட்ரோலையும் ஹைட்ரஜனையும் அனுப்புகிறோம். ஹைட்ரஜன் கந்தகத்தைப் பிடித்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக்கி வெளியே கொண்டுபோகும். ஆனால் அதே ஹைட்ரஜன் பக்கத்திலிருக்கும் ஒலிஃபினின் இரட்டைப் பிணைப்பையும் நிரப்பிவிடும். 1-ஹெக்சீனின் ஆக்டேன் எண் 76; ஹைட்ரஜன் ஏறி அது சாதாரண ஹெக்சேன் ஆகிவிட்டால் 25. 1-பென்டீன் 91இலிருந்து 62க்கு விழுகிறது. ஆக்டேன் குறைந்த பெட்ரோல், என்ஜினுக்குள் தீப்பொறி பரவுமுன் தானாக வெடித்துத் தட்டும். வண்டி இழுக்காது; நாளடைவில் பிஸ்டனும் கெடும்.

இதன் அளவு என்ன என்று ஒருநாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 500 பிபிஎம் கந்தகமும் 30 சதவீதம் ஒலிஃபினும் உள்ள ஒரு டன் பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள கந்தகம் முழுவதையும் நீக்க வேதியியல்படி சுமார் 125 கிராம் ஹைட்ரஜன் போதும். ஒலிஃபின்கள் எல்லாம் நிரம்பிவிட்டால் அவை விழுங்கும் ஹைட்ரஜன் 7 கிலோ. ஐம்பது மடங்குக்கு மேல்! நாம் துரத்துவது ஒரு குன்றிமணி. பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்பது ஒரு யானை.

500ஐ 50 ஆக்கும்போது கந்தகத்தைப் பத்தில் ஒரு பங்காக்கினால் போதும். 10 ஆக்க வேண்டுமென்றால் ஐம்பதில் ஒரு பங்காக்க வேண்டும். கடைசியாக மிஞ்சும் கந்தகத்தைப் பிடிக்க வெப்பத்தைக் கூட்டக் கூட்ட, ஒலிஃபின் இழப்பும் கூடவே ஏறும். போதாக்குறைக்கு, வெளியேற வேண்டிய ஹைட்ரஜன் சல்ஃபைடே மிஞ்சிய ஒலிஃபினோடு சேர்ந்து மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மமாகிப் பெட்ரோலுக்குள் திரும்பிவிடும். வாசல் வழியே அனுப்பியவன் கொல்லை வழியே வந்து நிற்பதைப் போல.

முதலில் பிரி, பிறகு சுத்தம் செய்

தீர்வுக்கான துப்பு கொதிநிலைப் பட்டியலில் இருந்தது. எஃப்சிசி பெட்ரோலைக் கொதிநிலைப்படி துண்டு துண்டாகப் பிரித்து ஆய்வு செய்தால், ஒலிஃபின்கள் அதிகம் இருப்பது முதலில் ஆவியாகும் லேசான பகுதியில். கந்தகம் அதிகம் இருப்பது கடைசியில் ஆவியாகும் கனமான பகுதியில். தயோபீன் 84 டிகிரியில் கொதிக்கிறது. மெத்தில் தயோபீன்கள் 110 டிகிரிக்கு மேல். பென்சோதயோபீன் 220 டிகிரியையும் தாண்டி. இரண்டும் எதிரெதிர் முனைகளில் உட்கார்ந்திருக்கின்றன. அப்படியானால் முழுவதையும் ஏன் ஹைட்ரஜனில் முக்க வேண்டும்?

லேசான பகுதியிலும் கொஞ்சம் கந்தகம் உண்டு என்பதுதான் இடையூறு. 35 டிகிரியிலேயே கொதிக்கும் எத்தில் மெர்காப்டன் போன்றவை அங்கே இருக்கின்றன. பிரான்சின் ஆக்சென்ஸ் நிறுவனம் உரிமம் தரும் பிரைம்-ஜி பிளஸ் முறை இதை அழகாகத் தீர்க்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வேதியியல் இதுதான். முதல் ரியாக்டரில் மிதமான சூட்டில், திரவ நிலையிலேயே, நிக்கல் கலந்த வினையூக்கியின்மேல் பெட்ரோல் ஓடுகிறது. அங்கே லேசான மெர்காப்டன் ஒலிஃபினோடு பிணைந்து கனமான சல்ஃபைடாகிறது. கந்தகம் இன்னும் வெளியே போகவில்லை. உடம்பு பெருத்துக் கனமான பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது. அடுத்து வரும் பிரிப்புக் கோபுரத்தில் லேசான பகுதி மேலே போகும்போது, கந்தகம் கீழேயே தங்கிவிடுகிறது. மேலே வரும் ஒலிஃபின் நிறைந்த திரவம் எந்த ரியாக்டரையும் தொடாமல் நேரே பெட்ரோல் தொட்டிக்குப் போகிறது. கனமான பகுதி மட்டும் கோபால்ட்-மாலிப்டினம் ரியாக்டருக்குப் போகிறது. 10 பிபிஎம்முக்கு வர வேண்டுமென்றால் அதன் பின்னால், மிஞ்சிய கந்தகத்தையும் மெர்காப்டனையும் பிடிக்க இன்னொரு ரியாக்டரையும் வைப்பதுண்டு.

முதல் ரியாக்டருக்கு இன்னொரு கடமையும் உண்டு. இரண்டு இரட்டைப் பிணைப்புகள் கொண்ட டையீன்கள் சூடு பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசினாகிவிடும். அவற்றை அது ஒலிஃபினாக மாற்றிவிடுகிறது. இந்தப் பிசினின் வலிமையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்த ஆலையில் ஒருமுறை எஃப்சிசி பெட்ரோல் நேராக யூனிட்டுக்கு வராமல், காற்று புகாமல் காக்கும் நைட்ரஜன் போர்வை இல்லாத ஒரு தொட்டியில் சில நாட்கள் தங்கிவிட்டு வந்தது. காற்றிலிருந்த ஆக்சிஜன் அதில் கலந்துவிட்டது. இரண்டே வாரத்தில் வெப்பப் பரிமாற்றியின் அழுத்த வித்தியாசம் ஏறத் தொடங்கியது. யூனிட்டை நிறுத்தித் திறந்தபோது குழாய்களின் உட்புறம் முழுக்கப் பழுப்பு நிறப் பிசின், வேப்பம் பிசினைப் போலக் கெட்டியாகப் படிந்திருந்தது. சுரண்டிப் பார்த்த கையில் இரண்டு நாள் ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து எஃப்சிசியிலிருந்து நேரே வரும் குழாயைத் தவிர வேறெதையும் அந்த யூனிட்டோடு இணைக்க நான் சம்மதித்ததில்லை.

எல்லா ஆலைகளும் ஒரே வழியில் போகவில்லை. சில, எஃப்சிசிக்குள் போகும் கனமான எண்ணெயையே முன்கூட்டி அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனால் சுத்தம் செய்தன. செலவு அதிகம், ஆனால் எஃப்சிசியின் விளைச்சலும் கூடும். ஹைட்ரஜனைக் குறைவாக வைத்து, கந்தகத்தை ஓர் உறிஞ்சுபொருளில் பிடித்து, பின் அதை எரித்துப் புதுப்பிக்கும் வழியும் உண்டு. இந்தியன் ஆயிலின் ஃபரிதாபாத் ஆராய்ச்சி மையம் உருவாக்கிய இண்ட்அடெப்ட்-ஜி அந்த வகை; குவாஹாட்டி ஆலையில் நிறுவப்பட்டது. உள்நாட்டிலேயே இப்படி ஒரு முறை உருவானது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கந்தகத்துக்குக் கந்தகம்

புதிய வினையூக்கியை ரியாக்டரில் நிரப்பிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. பீப்பாயைத் திறந்தால் உள்ளே ஊதா கலந்த நீல நிறத்தில், ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் சிறு குச்சிகள். குறுக்காக வெட்டிப் பார்த்தால் மூன்று இதழ் கொண்ட பூவைப் போல இருக்கும். பரப்பு அதிகமாக வேண்டும் என்பதற்காக அந்த வடிவம். இந்த நிலையில் அது கந்தகத்தைப் பிடிக்காது. கோபால்ட்டும் மாலிப்டினமும் ஆக்சைடாக இருக்கும். அவற்றை சல்ஃபைடாக மாற்றினால்தான் வேலை தொடங்கும். ஆகவே கந்தகத்தை நீக்கப் போகும் வினையூக்கிக்கு முதலில் கந்தகத்தையே ஊட்ட வேண்டும்.

அதற்கு டைமெத்தில் டைசல்ஃபைடு என்ற திரவத்தைச் செலுத்துவோம். அழுகிய முட்டைக்கோசும் பூண்டும் சேர்ந்த நாற்றம். ஒரு சொட்டு சிந்தினால் அடுத்த யூனிட்டிலிருந்து ஃபோன் வரும். இரவெல்லாம் ரியாக்டரின் வெப்பமானிகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். வெப்ப அலை மேலடுக்கிலிருந்து கீழடுக்குக்கு மெல்ல இறங்கும். அது கடைசி அடுக்கைக் கடந்து, வெளியே வரும் வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தென்பட்டால் வினையூக்கி நிறைந்துவிட்டது என்று பொருள். அதன்பிறகும் எஃப்சிசி பெட்ரோலை உடனே விடக் கூடாது. புது வினையூக்கி அளவு மீறிய வேகத்தில் இருக்கும். ஒலிஃபினைக் கண்டால் பாய்ந்து வெப்பத்தை எகிறவிடும். முதல் சில நாட்கள் ஒலிஃபின் இல்லாத நாப்தாவை (கச்சா எண்ணெயிலிருந்து நேரே பிரித்த லேசான திரவத்தை) ஓட்டி அதை அடக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற வேலை இல்லை இது.

ஆக்டேனை அளந்த அறை

ஆய்வகத்தின் ஒரு மூலையில் தனி அறையில் ஆக்டேன் என்ஜின் இருக்கும். ஒற்றை சிலிண்டர், நிமிடத்துக்கு 600 சுற்று. சிலிண்டரை மேலும் கீழும் நகர்த்தி அழுத்த விகிதத்தை மாற்றலாம். என்ஜின் தட்டும் தீவிரத்தை ஐசோஆக்டேன், ஹெப்டேன் கலவையோடு ஒப்பிட்டு எண் சொல்வார்கள். ஐசோஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0. அப்போது நம் சாதாரண பெட்ரோலுக்கு 91 வேண்டியிருந்தது.

யூனிட் ஓடத் தொடங்கிய முதல் மாதம் அங்கிருந்த மூத்த ஆய்வாளர் என்னைக் கூப்பிட்டார். “சார், நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு எண்ணுக்கு மேல் குறைகிறது. யூனிட்டில் என்ன மாற்றினீர்கள்?” என்று கேட்டார். கந்தகம் 9ஐத் தொட்டதும் பயந்துபோய் ரியாக்டர் வெப்பத்தை நான்கு டிகிரி கூட்டியிருந்தோம். கந்தகம் 5க்கு இறங்கியது. அந்த மிதமிஞ்சிய சுத்தத்துக்கு நாங்கள் கொடுத்த விலையை அந்த என்ஜின் சத்தம்போட்டுச் சொல்லிவிட்டது. “பத்துக்கு எட்டு வந்தால் போதாதா?” என்றார் அவர். அதன்பிறகு எட்டைக் குறியாக வைத்து ஓட்டினோம். வெப்பத்தைத் தொடுவதற்கு முன், பிரிப்புக் கோபுரத்தில் வெட்டும் இடம், அதாவது லேசானதையும் கனமானதையும் பிரிக்கும் கொதிநிலை, சரியா என்று பார்ப்பது பழக்கமானது. பெரும்பாலும் தவறு அங்கேதான் இருந்தது: கனமான சொட்டுகள் மேலே ஏறி, லேசான பகுதியின் கந்தகத்தை உயர்த்தியிருந்தன.

இவ்வளவு கவனித்தாலும் ஒன்றிரண்டு எண் போகத்தான் செய்யும். அதை ஈடுகட்ட வேறு யூனிட்டுகள் உதவுகின்றன. விளாடிமிர் ஹேன்செல் உருவாக்கி, 1949இல் மிச்சிகனில் முதன்முதலில் ஓடிய பிளாட்டினம் வினையூக்கி முறையின் வழித்தோன்றல்தான் இன்றைய ரிஃபார்மர். அது தரும் திரவத்தின் ஆக்டேன் 100ஐ ஒட்டி இருக்கும். ஆனால் அதில் அரோமாடிக்குகள், அதாவது பென்சீன் வகை வளைய மூலக்கூறுகள், அதிகம். விதி அவற்றை 35 சதவீதத்துக்கும், புற்றுநோய் தரும் பென்சீனை 1 சதவீதத்துக்கும் மேல் அனுமதிப்பதில்லை. ஆகவே நேர்க்கோட்டு மூலக்கூறுகளைக் கிளைத்த மூலக்கூறுகளாக வளைக்கும் ஐசோமரைசேஷன் யூனிட்டுகளும் தேவைப்பட்டன.

தொட்டியின் அடியில் மிஞ்சியது

ஆலையில் 8 பிபிஎம் தயாரித்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் பழைய பெட்ரோல் 2,000 லிட்டர் இருக்கிறது, அதில் கந்தகம் 50 என்று வைத்துக்கொள்வோம். புதிய பெட்ரோல் 12,000 லிட்டர் லாரியில் வந்து இறங்கினால் கலவை 14 பிபிஎம். விதிப்படி அது தோல்வி. விற்றுத் தீர்த்து, மீண்டும் 2,000 லிட்டர் மிஞ்சும்போது இரண்டாவது லாரி வந்தால்தான் 9க்குக் கீழே இறங்கும். குழாய்வழிகளுக்கும் கிடங்குகளுக்கும் இதே கணக்குத்தான். அதனால்தான் எண்ணெய் நிறுவனங்கள் ஏப்ரல்வரை காத்திருக்காமல், வாரக்கணக்கில் முன்கூட்டியே புதிய பெட்ரோலை அனுப்பத் தொடங்கின. அப்படித் தொடங்கியிராவிட்டால், மார்ச் 25இல் ஊரடங்கு வந்து விற்பனை படுத்தபோது, பழைய பெட்ரோல் தொட்டிகளிலேயே தேங்கி நின்றிருக்கும்.

இப்போது எத்தனால் வந்துவிட்டது. 2022 ஜூனில் 10 சதவீதம், 2025இல் 20 சதவீதம். எத்தனாலின் ஆக்டேன் 108ஐ ஒட்டியது. கலவைக்குத் தாராளமாக ஆக்டேன் கிடைக்கிறது. அதனால், ஒலிஃபினைக் காப்பாற்ற இனி ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும், வெப்பத்தைக் கூட்டி ஓட்டிவிடலாமே என்று கேட்கும் இளம் பொறியாளர்களைச் சந்திக்கிறேன். நான் உடன்படவில்லை. ஒரு டன் ஒலிஃபின் நிரம்ப 24 கிலோ ஹைட்ரஜன் போகிறது. இயற்கை எரிவாயுவிலிருந்து அந்த ஹைட்ரஜனைத் தயாரிக்கும்போது, கிலோவுக்கு 9 முதல் 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு புகைபோக்கி வழியே போகிறது. புகைக்குழாயைச் சுத்தம் செய்யவென்று வந்த யூனிட் அது. அவர்களைக் கோபுரத்தடிக்குக் கூட்டிப்போய், வெட்டும் இடத்தைக் காட்டும் வெப்பமானியை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.